கறை ஏறாத நகங்கள்

கூவக்காட்டுவிளை முந்திரி ஆலையில், ஊர்ச்சொல்லில் அண்டியாபீஸில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஓர் ஐப்பசி மத்தியானத்தில், வறுத்த முந்திரிக்கொட்டையைக் கல்மேல் வைத்து மரக்கட்டையால் தட்டி உடைத்துக்கொண்டிருந்த லீலாபாயின் பத்து விரல் நகங்களும், வலி இல்லாமல், இரத்தம் இல்லாமல், ஊறவைத்த பயற்றின் தோல் கழல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று அவள் முன்னால் கிடந்த பருப்புக் குவியலுக்குள் விழுந்தன. கழன்ற இடத்தில் அப்போதே புது நகம் இருந்தது. அதை முதலில் பார்த்தவள் பக்கத்துப் பலகையில் இருந்த அவளுடைய அண்ணன் மனைவி தங்கநேசம். அவள் கத்தவில்லை. பருப்புக்குள் நகம் கிடந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும், பிறகு எல்லாருக்கும் ஏச்சு விழும் என்று சொல்லிக்கொண்டே இருந்த இடத்திலிருந்து குவியலைக் கிளற ஆரம்பித்தாள். மற்றப் பெண்களும் கட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்து கிளறினார்கள். கறுத்து, வெடித்து, ஓரம் சுருண்ட ஒன்பது நகங்கள் அகப்பட்டன. பத்தாவது அகப்படவில்லை. அது தகரப்பெட்டிக்குள் போய், தகரப்பெட்டி கப்பலுக்குள் போய், எந்த தேசத்தில் எவன் பல்லில் கடிபடப் போகிறதோ என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் லீலாபாயின் விரல்களைப் பார்த்தார்கள்.

இளநீர் வழுக்கையின் நிறத்தில் இருந்தன அவை. அடியில் லேசாகச் சிவப்பு ஓடியது. ஓரம் சீராக, யாரோ உட்கார்ந்து ராவிவிட்டதுபோல இருந்தது. லீலாபாய் ஒரு கொட்டையை எடுத்துக் கட்டை இல்லாமலே கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். தோடு இரண்டாகப் பிளந்து பருப்பு முழுசாக வெளியே வந்தது. தோட்டிலிருந்து பீய்ச்சிய கறுப்பு எண்ணெய், சேம்பிலையில் விழுந்த தண்ணீர்போல நகத்தின்மேல் உருண்டு, ஒட்டாமல் கீழே விழுந்தது. மழை மறுபடியும் பிடித்தது. நனையாத இடத்துக்குக் குவியலைத் தள்ளிவிட்டு எல்லாரும் வேலையைப் பார்த்தார்கள்.

அந்த எண்ணெய் தொட்ட இடத்தைத் தின்னும். வேலைக்கு வந்த முதல் மாதம் உள்ளங்கைத் தோல் உரியும், அடுத்து விரல்நுனி கறுக்கும், வருஷம் திரும்புமுன் நகம் மேடும் பள்ளமுமாகிப் புகையிலைத் துண்டுபோல ஆகிவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள், ஆனாலும் எண்ணெய் சாம்பலுக்குள்ளேயும் வழி கண்டுபிடித்துவிடும். ரேகை அழிந்துபோன அந்தக் கைகளை ரேஷன்கடை மிஷின் ஏற்காது, வீட்டு ஆண்கள்தான் போய் விரல் வைக்கவேண்டும். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போனால் பட்டில் நூல் இழுத்துவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிறத்தை மட்டும் சொல்வார்கள். கைப்பு ஏறாமலிருக்கச் சோற்றைக் கரண்டியால் தின்பார்கள். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் கூப்பிடுவார்கள், ஏனென்றால் பெற்றவளுடைய கையோ பாட்டியுடைய கையோ பட்டால் பிள்ளையின் தோல் சிவந்துவிடும். இதையெல்லாம் யாரும் குறையாகச் சொல்வதில்லை. அந்த ஊரில் கை என்றால் அப்படித்தான்.

அதனால் லீலாபாயின் கையை ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. புதிதாக ஈன்ற கன்றைப் பார்க்க வருவதுபோல முதல் வாரம் வந்து பார்த்தார்கள். இரண்டாவது வாரம் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து, பெண்ணுக்குப் பட்டுச் சேலை உடுத்திவிட வரவேண்டும் என்று கூப்பிட்டார்கள். அதன்பிறகு அந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதல் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். கட்டின மாப்பிள்ளை வந்த வேகத்தில் காய்ச்சலில் செத்துப்போக, பிள்ளை இல்லாமல் அண்ணன் ராஜையன் வீட்டுப் பின்கட்டில் ஒற்றை அறையில் இருந்தவள் அவள். பிறந்து கண் திறக்காத பிள்ளையின் கழுத்து மடிப்பில் விரல் வைத்துக் கழுவும்போது, கழுவின மடிப்பையே மறுபடியும் கழுவுவாள். தொடுவது என்றால் என்ன என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் அரிசிக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருப்பாள். பலாச்சுளையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள். தங்கநேசத்தின் மகள் ஜெனிஷா அப்போது பத்தாம் வகுப்பு. அவளுக்குத் தலைசீவிப் பின்னிவிட்டு, பின்னினதை அவிழ்த்து, மறுபடியும் பின்னுவாள். ஜெனிஷா சலித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

என்ன தின்றாள், எதைப் பூசினாள் என்று பெண்கள் கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்று அவள் சொன்னதை ஒருத்தியும் நம்பவில்லை. தங்கநேசத்திடம் கேட்டார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே பானை, ஒரே கஞ்சி, ஒரே பயறு, அவள் தட்டில் விழுகிற சாளைமீனின் மறுபாதி என் தட்டில்தான் விழுகிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றாள் தங்கநேசம். இரண்டு பேர் உண்மையாகவே வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போய், லீலாபாய் மீன்தலையைத் துப்பாமல் மென்று தின்கிறாள் என்று சொன்னார்கள். ஊரில் மீன்தலைக்குக் கிராக்கி வந்தது. பிறகு முருங்கைக்கீரைக்கு வந்தது. சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில், வாழைக்குலைக்கும் சேவல்கோழிக்கும் நடுவில், யாரோ கேட்டு வாங்கிக்கொண்டு வந்து வைத்த லீலாபாயின் வெட்டிய நகத்துணுக்கு ஒரு காகிதப் பொட்டலத்தில் ஏலத்துக்கு வந்தது. போதகர் அதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். எடுத்தவள் அதை எண்ணெய்க் குப்பியில் போட்டு வைத்து அந்த எண்ணெயைப் பூசினாள். அவள் கை எப்போதும்போலவே இருந்தது. ஆனால் கொஞ்சம் வழவழப்பு வந்திருப்பதாகச் சொன்னாள், மற்றவர்களும் ஆமாம் வந்திருக்கிறது என்றார்கள்.

இப்படியே விட்டிருந்தால் அது ஒரு நல்ல கதையாகப் போயிருக்கும். ஆனால் அண்டியாபீஸில் முன்பு கைக்குப் பூச என்று ஆளுக்குக் கொஞ்சம் ஆமணக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அதைத் திரும்பக் கொடுக்கவேண்டும், கூடவே கிளவுஸும் வேண்டும் என்று கேட்கத் தங்கநேசம் தலைமையில் பெண்கள் கொஞ்சகாலமாகவே பேசி வைத்திருந்தார்கள். வாய் உள்ளவள் அவள்தான். அடுத்த வருஷம் கார்த்திகையில் ஒருநாள் வேலை விட்டதும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் வில்பிரட்டின் அறை வாசலில் போய் நின்றாள். வில்பிரட் கெட்ட மனுஷர் இல்லை. யாராவது செத்தால் வருவார், கல்யாணத்துக்கு வந்து சாப்பிடாமல் போகமாட்டார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற லீலாபாயை முன்னால் வரச் சொன்னார்.

"இவளும் இதே எண்ணெயிலதான் கைய வைக்கா," என்றார். "இவளுக்கு நான் கிளவுஸா குடுத்தேன்? கையப் பேணாம விட்டது நீங்க. அதுக்குக் கம்பெனி என்ன செய்யும்?"

தங்கநேசம் வாசலைவிட்டு ஓர் அடி பின்னால் வந்தாள். அவள் பின்வாங்கியதை அந்தப் பெண்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. லீலாபாய் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். ஆனால் ஏற்கெனவே எல்லாரும் பார்த்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவளைத் தரையிலிருந்து எழுப்பி, வாசலுக்கு நேராக ஒரு பெஞ்சு போட்டு அதில் உட்கார வைத்தார்கள். உள்ளே வருகிறவர்கள் முதலில் அவளைத்தான் பார்ப்பார்கள். அப்போதுதான் முந்திரிப்பருப்பு வாங்குகிற தேசத்தில், பருப்பு உடைக்கிற பெண்களுடைய கை வெந்துபோகிறது என்று யாரோ பேப்பரில் எழுதி, அங்கே சிலர் முந்திரிப்பருப்பை வாங்காமல் விட்டார்களாம். அதனால் கையைப் பார்க்க ஆள் வரப்போகிறது என்று தகவல் வந்தது. வருவதற்கு முன்னால் கம்பெனி ஒரு ஏற்பாடு செய்தது. டவுனிலிருந்து பிரீத்தா என்ற பெண் வந்து, வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டி, நகத்தைப் பேணுவது எப்படி என்று வகுப்பு எடுத்தாள். மிகவும் தன்மையான பெண். நகம் என்பது உடம்பின் கண்ணாடி என்றாள். தினமும் முட்டை, பால், பாதாம், கீரை சேர்க்கவேண்டும் என்றாள். நகத்தைக் கடிக்கக்கூடாது, நகத்தால் எதையும் சுரண்டக்கூடாது, படுக்கப்போகும்போது எண்ணெயைச் சூடாக்கித் தடவிக்கொடுக்க வேண்டும், பாத்திரம் கழுவும்போது சோப்பு நகத்தைக் கெடுக்கும் என்பதால் கட்டாயம் கிளவுஸ் போடவேண்டும் என்றாள். பாத்திரம் கழுவ கிளவுஸ் என்றபோது தங்கநேசம் சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் முன்னால் குனிந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், சிலர் பாதாம் என்றால் என்ன விலை இருக்கும் என்று பக்கத்தில் கேட்டார்கள். கடைசியில் பிரீத்தா சுவரில் ஒரு பெரிய படத்தை ஒட்டிவிட்டுப் போனாள். இரண்டு கைகள் விரித்த படம். யாருடைய கை என்று பெயர் போடவில்லை, ஆனால் இடதுகைச் சுண்டுவிரலில் இருந்த பழைய வெட்டுக்காயத்தைப் பார்த்து அது லீலாபாயின் கை என்று எல்லாரும் தெரிந்துகொண்டார்கள். அவள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது எவரோ எடுத்துக் கொடுத்த படம்.

கையைப் பார்க்க வந்தவர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நல்ல தமிழில் பேசினார்கள். வாசல் பெஞ்சில் இருந்த லீலாபாயின் கையை அந்தப் பெண் தன் கைக்குள் எடுத்து வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு வருஷமாக இந்த வேலை செய்கிறீர்களா என்று கேட்டாள், ஆமாம் என்றாள் லீலாபாய், அந்த ஆண் போட்டோ எடுத்தான்.

"எனக்கெ கைய மட்டும் பாக்காதீங்க அம்மா," என்றாள் லீலாபாய். "பின்னால இருக்கவங்களுக்கெ கையையும் பாருங்க."

அந்தப் பெண் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது. வரிசையில் நடந்து போய் எல்லாருடைய கையையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, லீலாபாயின் தோளில் கை வைத்து, "நீங்க கவனிச்சுக்கிறமாதிரி அவங்களும் கவனிச்சுக்கிட்டா சரியாயிடும். நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து லீலாபாயுடன் பேசுகிறவர்கள் குறைந்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. அவள் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனால் அங்கே நிற்பவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். தங்கநேசம் மட்டும் முன்போலவே இருந்தாள். அவளும் நீயும் எப்படி ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்று ஒருத்தி கேட்டதற்கு, அவள் என்ன செய்வாள், மழை பெய்கிறது என்று மழையில் நனையாதவளைக் கோபிக்கமுடியுமா என்று சொன்னதாக லீலாபாயின் காதில் விழுந்தது. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் அந்தக் கோடைகாலம் முழுவதையும் தள்ளினாள்.

கோடை முடிகிற சமயத்தில் தங்கநேசத்தின் வலதுகை நடுவிரலில் நகச்சுத்து வந்தது. எண்ணெய் நகத்துக்கு அடியில் இறங்கி, வீங்கி, பழுத்தது. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து மாட்டினார்கள், அதிலும் நிற்கவில்லை. இடதுகையால் உடைத்துக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள். விரல் நீலமாகி, நீலம் கறுப்பாகி, கறுப்பு கீழே இறங்க ஆரம்பித்த பிறகு ராஜையன் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். விரலை எடுக்காவிட்டால் கையை எடுக்கவேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார். எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் தங்கநேசம் கேட்ட முதல் கேள்வி, அந்த விரலை என்ன செய்தார்கள் என்பது. யாருக்கும் தெரியவில்லை.

நஷ்டஈடு கேட்டு எழுதிப்போட்டாள். அவளுக்கு வேண்டியது ஈடு மட்டும் இல்லை. இந்த வேலையால்தான் விரல் போயிற்று என்று யாராவது ஓர் அதிகாரி சொல்லவேண்டும், அப்படி ஒருவர் ஒருதடவை சொல்லிவிட்டால் போதும், அதை வைத்து மற்றவர்களுக்குக் கிளவுஸ் வாங்கிவிடலாம் என்று கட்டில் கம்பியில் சாய்ந்துகொண்டு லீலாபாயிடம் சொன்னாள். டவுனில் விசாரணை என்று நாள் குறித்து வந்தது. கம்பெனி தன் பக்கத்துக்குச் சாட்சியாக ஓர் ஆளின் பெயரைத்தான் கொடுத்திருந்தது. அது லீலாபாயின் பெயர்.

விசாரணைக்கு முந்தின நாள், வேலை நேரத்தில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க லீலாபாய் பெஞ்சிலிருந்து எழுந்து பின்பக்கம் போனாள். தோடுகளைப் பிழிந்த எண்ணெயைச் சேர்த்து வைக்கிற சிமெண்ட் தொட்டி அங்கே இருந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டு, முழங்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் அந்த எண்ணெயில் இறக்கினாள். அப்படியே வைத்திருந்தாள். தோலில் தீ பிடித்ததுபோல எரிந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தாள், எரிச்சல் போய் மரத்தபோதும் வைத்திருந்தாள். பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். போய் இழுக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள், விடு என்றாள் இன்னொருத்தி. கடைசியில் அவள் கையை வெளியே எடுத்தபோது முழங்கையிலிருந்து விரல்முட்டி வரைக்கும் கொப்புளம் கொப்புளமாகத் தோல் தொங்கியது. அதற்குக் கீழே பத்து நகங்களும் விளக்கு ஏற்றியதுபோல மின்னிக்கொண்டிருந்தன. முன்பைவிட அழகாக இருந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கைக்குத் துணி சுற்றிக்கொண்டு அவள் விசாரணைக்குப் போனாள். மேசைக்கு ஒரு பக்கம் தங்கநேசமும் ராஜையனும், மறுபக்கம் வில்பிரட்டும் கம்பெனி வக்கீலும். லீலாபாயை எந்தப் பக்கம் உட்காரச் சொல்வது என்று தெரியாமல் பியூன் நாற்காலியை நடுவில் போட்டான். அதிகாரி வயதானவர், நிதானமானவர். கையில் என்ன கட்டு என்று கேட்டார், எண்ணெய் பட்டது என்றாள், ஐயோ பாவம் என்றார். துணியை விரல்நுனி தெரிகிற அளவுக்கு மட்டும் நகர்த்தச் சொன்னார்கள். நகர்த்தினாள். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகங்களை வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் ஆச்சரியம் இல்லை. நன்றாகப் பேணியிருக்கிறீர்கள் என்றார்.

"சார், இது எனக்கெ கைதான், ஆனா இது சாட்சி இல்ல," என்றாள் லீலாபாய். "இது எதுக்கு இப்பிடி ஆச்சுன்னு எனக்கே தெரியாது. நான் ஒண்ணும் பேணல்ல. இங்க இருக்க எனக்கெ மைனிக்கெ கையிதான் உள்ளது, அதுதான் நெசம். அதப் பாத்து எழுதுங்க."

"உள்ளதைத்தானேம்மா நான் பாக்கிறேன்," என்றார் அவர், அவளுடைய விரல்களைக் காட்டி.

தீர்ப்பு வந்தபோது அதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. அதே இடத்தில், அதே வேலையைப் பல வருஷமாகச் செய்கிற இன்னொரு தொழிலாளியின் நகங்கள் பூரண ஆரோக்கியத்துடன் இருப்பதை நேரில் கண்டதாகவும், ஆகவே மனுதாரரின் விரலுக்கு நேர்ந்தது அவர் தன் கையைச் சரிவரப் பேணாததால் என்று கருதுவதாகவும், அவருக்கு நேர்ந்ததற்கு வருந்துவதாகவும் இருந்தது. ராஜையன் சத்தமாக வாசித்தான். வருந்துவதாகவும் என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தான்.

தங்கநேசம் தன்னை ஏசுவாள் என்று லீலாபாய் காத்திருந்தாள். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். தங்கநேசம் ஏசவில்லை. சில நாள் இடதுகையால் முற்றத்தைப் பெருக்கினாள். பிறகு ஒருநாள் காலையில் லீலாபாய் வேலைக்குப் புறப்படும்போது, தேங்காயெண்ணெய்க் குப்பியை மடியில் வைத்து, மீதி ஒன்பது விரல்களுக்கும் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். பிரீத்தா வகுப்பில் காட்டினதுபோலவே, அடியிலிருந்து நுனிக்கு, மெதுவாக.

"நானும் கொஞ்சம் நல்லோணம் கவனிச்சிருக்கலாம் பிள்ளே," என்றாள். "அந்தப் பிள்ள அத்தன தன்மையாச் சொல்லிச்சு. நான்தான் கேட்டுச் சிரிச்சேன்."

லீலாபாய் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அன்று வேலைக்குப் போகவே நேரமாகிவிட்டது.

அதுமுதல் ஊரின் பேச்சு மாறியது. அவள் நகத்தைப் பார், கவனிப்பே இல்லை என்று ஒருத்தியை ஒருத்தி சொன்னார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நடக்கச் சொல்வதற்கும் பாடச் சொல்வதற்கும் பதிலாக விரலை நீட்டச் சொன்னார்கள். நகம் கெட்டவள் வீட்டையும் அப்படித்தான் வைத்திருப்பாள் என்று ஆனது. கறுத்த கைக்காரிகள் சபையில் பாட்டுப் புத்தகத்தைத் துணிக்குள் வைத்துப் பிடித்தார்கள். கிளவுஸ் என்ற வார்த்தையை எவரும் எடுக்கவில்லை, எடுத்தால் பேணத் தெரியாதவள் என்று பெயர் வந்துவிடும். கம்பெனி புதிதாக ஆள் எடுக்கும்போது நகத்தைப் பார்த்து எடுத்தது. கெட்ட நகம் உள்ளவர்களை இனிமேல் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று சொல்லி நிறுத்தியது. அப்படியே, இதுவரை அந்த எண்ணெயைத் தொடாத சின்னப் பெண்களாக வந்து பலகைகள் நிறைந்தன. அவர்களுக்குக் கம்பெனி இலவசமாகச் சிவப்பு நெயில்பாலிஷ் கொடுத்தது. அடுத்த தடவை கையைப் பார்க்க வந்தவர்கள் வரிசை வரிசையாகச் சிவப்பு நகங்களைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டுப் போனார்கள்.

தங்கநேசத்தின் பலகைக்கு வந்தவள் ஜெனிஷா. பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சிங் படிக்கவேண்டும் என்று இருந்தவள், அம்மாவின் கை இப்படி ஆனபிறகு அந்தப் பேச்சை அவளாகவே நிறுத்திவிட்டாள். அவள் வேலைக்குப் புறப்பட்ட முதல் நாள் லீலாபாய் அவளை ஆபீஸ் வாசலில் மறித்து நின்றாள். போகாதே என்றாள், அம்மாவின் கையைப் பார்க்கவில்லையா என்றாள், நான் ஒருத்தி சம்பாதிப்பது நம் எல்லாருக்கும் காணும், நீ படி என்றாள். தன் இரண்டு கையையும் விரித்து அவளைத் தடுத்துக்கொண்டுதான் இதையெல்லாம் சொன்னாள். ஜெனிஷா அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு மட்டும் இருந்தா போருமா மாமி?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. மனசுக்குள் ரொம்ப நாளாக இருந்ததை எடுத்து வைப்பதுபோலக் கேட்டுவிட்டு, குனிந்து அவள் கைக்குக் கீழே புகுந்து உள்ளே போனாள்.

வேலையை விட்டுவிடலாம் என்று லீலாபாய் நினைக்காத நாள் இல்லை. ராஜையனுக்குக் கொத்தனார் வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. விட்டாலும் அந்தச் சுவரில் இருக்கிற படத்தை அவள் என்ன செய்யமுடியும். அவள் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தால் கொட்டையைப் பிளந்துகொண்டிருந்தாள். புதிதாக வந்த பெண்கள் வேலைக்கு நடுவில் தலைநிமிர்ந்து அவளுடைய விரல்களைப் பார்ப்பார்கள். பார்த்துத் தைரியப்பட்டு மறுபடியும் குனிவார்கள். குழந்தையைக் குளிப்பாட்ட இப்போதும் கூப்பிட்டார்கள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவாள்.

மழை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து தங்கநேசம் மரச்சீனிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தபோது, ஜெனிஷா பின்கட்டுக்கு வந்து லீலாபாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் வாசலில் பேசினதற்குப் பிறகு அவள் அந்த அறைக்கு வந்ததே இல்லை. இரண்டு கையையும் மாமியின் மடியில் வைத்தாள். லீலாபாய் கட்டைவிரலில் இருந்த சிவப்புச் சாயத்தைத் தன் நகத்தால் மெதுவாகச் சுரண்டினாள். கீழே நகம் ஓரத்திலிருந்து கறுத்து, நடுவில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. அடுத்த விரலிலும் அப்படித்தான். அடுத்ததைச் சுரண்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"நான் என்ன தப்பு செய்யுதேன் மாமி?"

"நீ ஒரு தப்பும் செய்யல்ல மக்களே. ஆரும் செய்யல்ல. அந்த எண்ணெ அப்பிடி."

ஜெனிஷா சுரண்டின கட்டைவிரலை மற்றக் கைக்குள் பொத்திக்கொண்டாள். அவள் முகம் மூடிக்கொண்டதை லீலாபாய் பார்த்தாள். விசாரணை அதிகாரிக்கும் கையைப் பார்க்க வந்தவளுக்கும் மூடிக்கொண்ட அதே மாதிரிதான். பிள்ளை மடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனாள். இனி அவள் இந்த அறைக்கு வரமாட்டாள் என்று லீலாபாய்க்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்லிச் சொல்லி அவளிடம் மீதி இருந்தது இந்த ஒரு பிள்ளைதான்.

"இரி," என்றாள் லீலாபாய். "சொல்லுதேன்."

ஜெனிஷா உட்கார்ந்தாள்.

"காலத்த எழும்பினதும் வெந்தயம் ஊறவச்ச தண்ணி குடிக்கணும்," என்றாள் லீலாபாய். "வெறும் வயித்துல. பொறவு முருங்கைக்கீர. எள்ளு ஒரு பிடி. தேங்காயெண்ணெய சூடாக்கி, கை பொறுக்க சூட்டுல, நகத்துக்கெ அடியில தடவணும். விடாம தடவணும்."

ஜெனிஷாவின் கண் விரிந்தது. அப்போது லீலாபாய்க்குத் தான் முதல் தண்ணீர் ஊற்றிய குழந்தைகளுடைய முகம் நினைவுக்கு வந்தது. கீரை எந்த நேரத்தில் என்று பிள்ளை கேட்டாள், மத்தியானம் என்றாள் லீலாபாய். எள் கறுப்பா வெள்ளையா என்று கேட்டாள், கறுப்பு என்றாள். அடுப்படியிலிருந்து தங்கநேசம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்று கேட்டாள். பேச்சுச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள், பிறகு உள்ளே வந்தார்கள். இத்தனை நாள் பேசாதவர்கள் அவளைச் சுற்றிச் சாணம் மெழுகின தரையில் உட்கார்ந்து, சூடான எண்ணெயில் மஞ்சள் சேர்க்கலாமா, பிள்ளைபெற்றவளும் வெந்தயம் குடிக்கலாமா என்று கேட்டார்கள். லீலாபாய் ஒவ்வொருத்திக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்குச் சுலபமாக வந்தது. இருட்டுவதற்குள் ஊர் முழுவதும் அவள் சொன்னதாகத் தெரிந்துவிட்டது. இவ்வளவு நாள் மறைத்து வைத்திருந்தாளே என்று கொஞ்சம் குறைப்பட்டார்கள், போகட்டும் இப்போதாவது சொன்னாளே என்று பொறுத்துக்கொண்டார்கள். மறுநாள் அண்டியாபீஸில் தண்ணீர் எடுக்கப் போனபோது அவளுக்கு யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஜெனிஷா எல்லாவற்றையும் செய்தாள். கசப்போடு வெந்தயத் தண்ணீரைக் குடித்தாள், கறுப்பு எள்ளைத் தேடிச் சந்தைக்குப் போனாள், வேலைவிட்டு வந்து கண் சொருகுகிற நேரத்திலும் எண்ணெயைச் சூடாக்கித் தடவினாள். அடுத்த மழைக்காலத்துக்குள் அவளுடைய இரண்டு கையிலும் நகம் என்று சொல்லும்படி ஒன்றும் மிஞ்சவில்லை. ஓய்வெடு என்று சொல்லி வில்பிரட் அவளை நிறுத்தினார். அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். லீலாபாய் வருவது வரைக்கும் பின்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். லீலாபாய் வந்து நின்றபோதும் அவள் எழுந்திருக்கவில்லை, கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினாள்.

"நோம்புக்காலத்துல ரெண்டு நாளு எண்ணெ போட மறந்துட்டேன் மாமி. அதுதான். எனக்கெ தப்புதான்."

லீலாபாய் அவளைக் கடந்து உள்ளே போனாள். அடுப்பை மூட்டி, சின்ன இரும்புச்சட்டியை வைத்து, அதில் தேங்காயெண்ணெயை ஊற்றினாள். அது சூடாவது வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டியைத் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து, அவளுடைய வலதுகையைப் பிடித்துத் தன் மடியில் வைத்தாள்.

"இனி விடாத," என்றாள்.